வெள்ளைக்காரருக்கு ஒரு சுவர்

இல்லத்தின் முன்சுவர் பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் பிரமிளா கைப்பையைக் கீழே போட்டாள்.

"நான் பாகான் செராய்க்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாரதுக்குள்ள யாரு இதுக்குச் சாயம் அடிச்சது?"

"ஜெலாப்பாங் ஊரு பெயிண்டர் பிச்சைமுத்து அண்ணன்தான்க்கா," என்றாள் சமையல்கார முத்தம்மா. "காசுகூட வேணாம்னுட்டாரு."

"அந்த மனுசனுக்கு இப்பத்தான் புண்ணியம் சேக்கணுமா?"

மத்தியானம் ஹென்ரிக் வந்துவிடுவார். டென்மார்க்கிலிருந்து வருடம் தவறாமல் வந்து, ஈப்போவுக்கு வெளியே பழைய ரப்பர் தோட்டத்தில் இருக்கும் இந்தக் கிறிஸ்துவ அநாதை இல்லத்தில் ஒரு வாரம் தொண்டு செய்கிறவர். ஆறு பிள்ளைகளின் படிப்புச் செலவு அவர் பொறுப்பு. அவருக்காக நிர்வாகி பிரமிளா வருடாவருடம் ஒதுக்கி வைக்கிற ஒரே தொண்டு இந்தச் சுவருக்குச் சாயம் அடிப்பதுதான்.

முன்பு ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்து, செய்ய வேலையில்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு, தைப்பிங்கில் வேறொரு இல்லத்துக்குப் போனவர் போனவர்தான். அவர் படிக்கவைத்த பிள்ளைகளுக்கு வேறு ஆள் பிடிப்பதற்குள் பிரமிளா அரை ஆளாகிவிட்டாள். ஹென்ரிக்கும் அப்படிக் கிளம்பிவிட்டால்?

"பிள்ளைங்களா, ஓடிப்போய் சுவத்தை அழுக்குப் பண்ணுங்க!"

ஒரு பிள்ளையும் அசையவில்லை. சுவரில் கை வைக்காதே என்று தொண்டை கிழியக் கத்தி வளர்த்த பலன்.

"சோதிச்சுப் பாக்குறீங்கதானே அக்கா? நாங்க ஏமாற மாட்டோம்," என்றாள் எட்டு வயதுத் துளசி.

பிரமிளாவே சேற்றை வாரி அடித்தாள். கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் மழை கொட்டித் தீர்த்தது. குளித்து எழுந்த சுவர் முன்னைவிட அழகாகச் சிரித்தது.

"பழைய எண்ணெய் இருக்கா முத்தம்மா?"

"நெத்திலி பொரிச்சது இருக்குக்கா. எதுக்கு?"

எண்ணெயைப் பூசி முடித்த கையோடு, வாசனை பிடித்து அக்கம்பக்கத்துப் பூனையெல்லாம் ஆஜர். நக்கிய இடமெல்லாம் மறுபடி பளபளப்பு.

"அக்கா, பூனைங்க சுத்தம் பண்ணுதுக்கா!" என்று துளசி கைதட்டினாள்.

ஆத்திரத்தில் பிரமிளா அடுப்புக்கரியைக் கரைத்து வாளியோடு வீசினாள்.

"அலாமாக்! தீப்பிடிச்ச வீடு மாதிரி இருக்குக்கா," என்றாள் முத்தம்மா.

"இருக்கட்டும்லா. நம்மள நம்பி வாரவருக்கு வேலை வேணாமா?"

அப்போது டாக்சி வந்து நின்றது. புத்தம்புதுக் கால்பந்தோடு உற்சாகமாக இறங்கிய ஹென்ரிக், சுவரைப் பார்த்தார். பந்து கைநழுவி உருண்டது. அவருக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது.

"பாரு முத்தம்மா, சுவத்தைப் பாத்ததும் மனுசன் எப்படி உருகுறாரு!"

பிரமிளா ஓடிப்போய்ப் பிரஷை நீட்டினாள். ஹென்ரிக் ஒரு பெருமூச்சு விட்டார். பிச்சைமுத்து மறந்து விட்டுப்போன ஏணியில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். பந்தை எடுத்துக்கொண்டு அவர் காலடியில் கூடிய பிள்ளைகளைப் பிரமிளா விரட்டினாள்.

"உள்ள போங்க! பெரியவரு எவ்வளவு ஆசையா வேலை செய்யிறாரு, தொந்தரவு பண்ணாதீங்க."

ஆறு பிள்ளைகளும் தப்பித்தார்கள் என்று அவளுக்கு உயிரே வந்தது. ஒரு டம்ளர் மைலோ கலக்கிக் குடிக்கலாம் என்று திரும்பியபோது, ஏணியை எடுத்துப்போக பிச்சைமுத்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சுவரைப் பார்த்தார். ஏணிமேல் இருந்தவரைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னக்கா இது அநியாயம்! வருசாவருசம் நீங்க பிரஷை நீட்டுனா இவரால மறுக்க முடியலையாம். இந்த வருசமாவது பிள்ளைங்களோட பந்து விளையாடணும், தான் வாரதுக்குள்ள சுவத்தை முடிச்சிருன்னு எனக்குக் கூலி அனுப்புனதே இவருதான்லா!"