பிளாக்கரன்டுக்கு நான் வைத்த குறி

ஒரு செடியைக் கொலை செய்வது என்று முடிவெடுத்தேன். கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. முழு நிதானத்தில், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எடுத்த முடிவு.

செடியின் பெயர் பிளாக்கரன்ட். பெயரில்தான் கரன்ட். ஷாக் கொடுத்ததெல்லாம் என் மனைவி புரோன்யா.

நான் வேலை பார்த்த லாரித் தொழிற்சாலையில், போலந்தின் லூப்லின் நகரத்து எல்லையில் ஆளுக்கொரு தோட்டத் துண்டு கொடுத்தார்கள். எல்லோரும் உருளைக்கிழங்கு போட்டார்கள். புரோன்யா மட்டும் தன் அக்கா வீட்டிலிருந்து ஒரு பிளாக்கரன்ட் கன்றைத் தலைத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எங்களுக்குக் கல்யாணமான புதிது. பக்கத்து சீட்டிலிருந்து அந்தக் கன்றைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். என்னை அவள் அப்படிப் பிடித்துக்கொண்டதே இல்லை.

கன்று என் உயரத்துக்கு வளர்ந்தது. அடிக்கிளையெல்லாம் விறகுக்கட்டை மாதிரி ஆனது. ஜூலை வந்தால் என் ஞாயிற்றுக்கிழமைகள் காலி. மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பழம். ஒவ்வொரு பழத்துக்கும் மூக்கில் ஒரு காய்ந்த வால். ஜாம் காய்ச்சும் முன் அந்த வாலை நகத்தால் கிள்ள வேண்டும். திங்கட்கிழமை என் ஊதா விரல்களைப் பார்த்துத் தொழிற்சாலையே சிரிக்கும்.

"என்ன லுத்விக், மைப்புட்டியில விழுந்துட்டியா?"

ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"இந்தச் செடி தேவையா புரோன்யா? ஜாம்தான் கடையிலயே கிடைக்குதே!"

"கிடைக்குதா? நேத்து கியூவுல நின்னு என்னங்க வாங்கிட்டு வந்தீங்க?"

"வினிகர்."

"ஏன் வினிகர்?"

"வேற எதுவும் இல்லை."

"அப்ப அதையே ரொட்டியில தடவிக்கோங்க."

நேர்வழி அடைபட்டது. மறைமுகப் போரில் இறங்கினேன்.

பச்சைக் குதிரைச் சாணம் வேரைப் பொசுக்கிவிடும் என்று யாரோ சொன்னார்கள். ஒரு வண்டி கொண்டுவந்து கொட்டினேன். செடி அத்தனையையும் தின்று ஏப்பம் விட்டது. இலை கருகரு என்று தழைத்தது. அந்த ஜூலையில் ஒரு வாளிக்கு இரண்டு வாளி பழம்.

"என் செடி மேல உங்களுக்கு இவ்வளவு பாசமா!" என்று புரோன்யா என் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அந்த முத்தத்தை வாங்க எனக்கே கூச்சமாக இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கத் தோட்டம் செவெரினுடையது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வாயில் எப்போதும் ஒரு சுங்கான் புகையும். அவரிடம் மனதைத் திறந்தேன்.

"அட மடையா, கொல்லணும்னா சோறு போட்டா ஆகுமா?" என்றார். "இலை கொட்டினதும் தரையோட தரையா வெட்டு. ஒரு குச்சி மிச்சம் வைக்காதே. அப்புறம் எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது."

"நிச்சயமா?"

"இந்தச் சுங்கான் மேல சத்தியம்."

நவம்பரில் புரோன்யா அக்கா வீட்டுக்குப் போனாள். நான் ரம்பத்தை எடுத்தேன். இலையே இல்லாத அந்தக் கட்டையை அறுத்தபோதும் பிளாக்கரன்ட் வாசம் குப்பென்று வந்தது. எனக்கு இருமல் வந்தால் புரோன்யா வெந்நீரில் கலக்கிக் கொடுக்கும் ஜாமின் அதே வாசம். கை கொஞ்சம் தயங்கியது. கையைத் திட்டிவிட்டு அறுத்து முடித்தேன்.

அவள் வந்து பார்த்தாள். செடி இருந்த இடத்தில் வெறும் தரை.

"பூச்சி விழுந்துடுச்சு புரோன்யா. மொட்டெல்லாம் வீங்கிப்போச்சு. வேற வழியே இல்லை" என்று மூக்கை உறிஞ்சினேன்.

அவள் தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அழாதே புரோன்யா."

"கிளையை மட்டும் எரிச்சிடாதீங்க" என்றாள் அடைத்த குரலில்.

இளம் கிளைகளை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, வேலியோரம் வரிசையாக மண்ணில் குத்தினாள். கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதுபோல இதுவும் ஒரு அஞ்சலி என்று நினைத்தேன். பாவம் என்று தண்ணீர்கூட ஊற்றினேன்.

வசந்தத்தில் அஞ்சலி துளிர்விட்டது. அத்தனை குச்சியும்! வெட்டிய தூரிலிருந்து விரல் பருமனில் புதுக்கிளைகள் ஈட்டி மாதிரி கிளம்பின. இரண்டொரு வருஷத்தில் வேலி நெடுகக் கறுப்புக் கொத்துகள். ஒரு எதிரியைக் கொன்று ஒரு படையை உண்டாக்கியிருந்தேன்.

வேலிக்கு ஓடினேன்.

"செவெரின்! சுங்கான் மேல சத்தியம் பண்ணீங்களே!"

"பண்ணேன். சுங்கானே உன் சம்சாரம் வாங்கிக் கொடுத்ததுதான்."

"என்னது?"

"கிழட்டுக் கிளையை வெட்டினாத்தான் செடி புதுசா வரும்னு உன்கிட்ட வருஷக்கணக்காச் சொல்லிச்சாம். நீ காதுலயே வாங்கலையாம். 'வெட்டுங்கன்னா கொட்டாவி விடுவார். கொல்லுங்கன்னா ரம்பத்தோட நிப்பார். நீங்களே சொல்லிடுங்க'ன்னு வந்து நின்னுச்சு."

திரும்பி வந்தேன். புரோன்யா செடிகளுக்கு நடுவே ஊதா விரல்களோடு பழம் பறித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு முகத்தை மூடிக்கிட்டு அழுதியே?"

"அழுதேனா? நீங்க பூச்சிக்காக மூக்கை உறிஞ்சினப்போ சிரிப்பை அடக்க முடியலைங்க!"

சொல்லிவிட்டு ஒரு பழத்தை என் வாயில் போட்டாள். புளிப்பில் என் கண் தானாக மூடியது. இன்று கடையில் ஜாம் அடுக்கடுக்காக நிற்கிறது. வாங்கிப் பார்க்கிறேன், இனிப்பாகத்தான் இருக்கிறது. அந்தப் புளிப்பு எதிலும் இல்லை. அவள் விரல் பட்ட அந்த ஒரு நொடிக்காக இன்னும் பத்துச் செடியைக் கொல்லலாம் என்று அன்று தோன்றியது.

அந்த நொடி பார்த்துத்தான் அவள் பேசினாள்.

"ஏங்க, செவெரின் தன் மகள் வீட்டோட போயிடறாராம். தோட்டத்தை நாமே பார்த்துக்கறோமான்னு கேட்டார். சரின்னுட்டேன்."

"எப்போ?"

"நீங்க சண்டை போட ஓடறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி. அந்தப் பக்கம் மண்ணு இன்னும் நல்லா இருக்குங்க. இன்னொரு வரிசை தாராளமா வைக்கலாம்."

மண்வெட்டி எங்கே என்று மட்டும் கேட்டேன்.