எஃகுச் சாடியின் மூடி திறந்த படலம்

கரைப்பான் என்னும் நாற்றப் பெருவெள்ளத்தைப் பீப்பாய் பீப்பாயாய்ச் சாக்கடைக்கு அனுப்பிப் பழகிய உலகே, சற்று ஒதுங்கி நின்று இவள் கதை கேள். துளித் திரவமும் தொடாது வேதிவினை முடிப்பேன் என்று மும்பை மாட்டுங்கா ஆய்வகத்தில் சூளுரைத்தவள், தாராவி தந்த தவப்புதல்வி, தாய் பூமாரியின் இட்லிக் கடைக்கு விடியலில் சட்னி அரைத்துக் கொடுத்துவிட்டே பஸ் ஏறும் இரட்டை அரவைத் திலகம், இசக்கிசெல்வி வாழ்க!

வெண்பொடிகள் இரண்டை எஃகுச் சாடியில் இட்டு, எஃகுக் குண்டுகளைத் துணைப்படையாய்ச் சேர்த்து, மூடியை முறுக்கி, அரவை இயந்திரத்தில் ஏற்றினாள். இயந்திரம் கர்ஜித்தது, மேசை நடுங்கியது, நெருப்பும் கரைப்பானும் இன்றி மோதி மோதியே பொடிகள் புதுப்பொருளாயின. ஆனால் பாழாய்ப்போன மூடி, சூடேறிச் சாடியைக் கவ்விக்கொண்டது.

அவ்வேளை நெறியாளர் அகிலாண்டம் தோன்றி ஆணையிட்டார்: "இதோ பார், எக்ஸாமினர் கீழ காபி சாப்டிண்டிருக்கார். சொட்டுத் திரவம் இல்லாம பண்றோம்கறதுதான் உன் தீசிஸே. பொடி உலர்ந்தபடியே அவர் கைக்குப் போகணும். ஈரம் பட்டுதோ, இத்தனை வருஷமும் வீண்."

மூண்டது போர். முதல் திருகலில் மூடி அசையவில்லை. அடுத்த திருகலில் வளையல் உடைந்தது. ஆய்வக உதவியாளன் சாய்நாத், மல்லுக்கட்டில் மலையன்ன மராட்டியன், முகம் சிவந்து மூச்சிரைத்து, "சோடோ மேடம், நஹி குலேகா" என்று, இது திறக்காது விட்டுவிடுங்கள் என இந்தியில் கைவிரித்து, ஆயுதம் துறந்து நாற்காலியில் சாய்ந்தான்.

நம் நாயகியோ துப்பட்டாவை வரிந்து கட்டி, சாடியைக் கக்கத்தில் இடுக்கி, "தொறக்கியா, இல்ல சுத்தியல எடுக்கட்டா" என்று மூடியை நோக்கித் திருநெல்வேலித் தமிழில் முழங்கி, தாராவி ஆட்டுக்கல்லெல்லாம் அதிரத் திருகினாள். க்ரக் என்றது. திறந்தது.

ஆகா, உள்ளே பொன்மஞ்சள் பொடி, ஈரம் அறியாத பொடி, சுவரெங்கும் அப்பி மின்னியது. படிகளில் தேர்வாளரின் காலடி ஒலித்தது. சாய்நாத் கைதட்டினான், அகிலாண்டம் கண்துடைத்தார். குண்டுகளைப் பொறுக்கி வெளியே வைத்த வெற்றித்திருமகள், பொடியைச் சுரண்டிச் சுரண்டிச் சாடியின் அடியில் குவித்தாள். சுவரில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஒரு துகளும் வீணாகலாகாது என்று களித்த நெஞ்சோடு, வாகைசூடிய அவ்வலக்கரம் தானாக நீண்டது.

வீட்டில் மிக்ஸி ஜாரை அலசுகிற பழக்கத்தில், பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிவிட்டாள்.