வயிற்றுவலியும் ஜப்பான்காரன் வணக்கமும்

நான் யாருக்கும் எளிதில் தலைவணங்குகிறவள் இல்லை. ஆனாலும், ஜப்பான்காரன் ஆட்சியில் எங்கள் ஊர் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே மிகப் பணிவாக வணக்கம் போட்டவள் என்று பெயரெடுத்தவள் நான்தான். (பக்தி எல்லாம் இல்லை. மாதவிலக்கு.)

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மாதத்தில் மூன்று நாள், அடிவயிற்றை யாரோ ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குவார்கள். அக்கா ராஜத்துக்கு அந்தத் தொல்லையே இல்லை. கல்யாணமாகி நான்கு வருடம், பிள்ளைதான் பிறக்கவில்லை.

"எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான். நீ ரொம்பப் பண்றே லா" என்பாள்.

அன்று இருவரும் அரிசி வரிசையில் நின்றோம். காவல் சிப்பாயைத் தாண்டும்போது குனிய வேண்டும். நான் குனிந்த நேரம் பார்த்து வயிறு முறுக்கியது. இன்னும் குனிந்தேன். நெற்றி முழங்காலில் முட்டியது. நிமிர முடியவில்லை.

சிப்பாய் பூரித்துப்போனான். பின்னால் இருந்த அத்தனை பேரிடமும் என்னைக் காட்டி, இதேபோல் குனியுங்கள் என்று கத்தினான். வரிசையே மடங்கியது.

"பாவி, நிமிருடி!" என்றாள் அக்கா, மடங்கியபடியே.

"முடியலக்கா."

"என் இடுப்பு போச்சும்மா!" என்று ஒரு பெரியவர் முனகினார்.

நான் அவன் பூட்ஸ்மேல் வாந்தி எடுத்தேன். அவன் விட்ட அறை அக்காவின் கன்னத்தில் விழுந்தது. (பக்கத்தில் நின்ற பாவம்.) அரிசி கிடைக்கவில்லை.

கன்னம் வீங்கிய அக்கா என்னை டாக்டரிடம் இழுத்துப்போனாள். அவர் நாடி பார்த்தார். "ஒன்னுமில்ல. கல்யாணம் பண்ணி வைங்க, சரியாப் போயிரும்."

"கல்யாணம்தான் மருந்துன்னா ஒரு பாட்டில்ல ஊத்திக் குடுங்க டாக்டர்" என்றேன். அக்கா கிள்ளினாள். ஆனால் வெளியே வந்ததும் வாய்பொத்திச் சிரித்தாள்.

ஜப்பான் சண்டை முடிந்து பல வருடம் கழித்துத்தான் எனக்கு ஆபரேஷன் நடந்தது. எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள், கர்ப்பப்பைச் சவ்வு வெளியே வளர்கிற நோயாம். வயிற்றுக்குள் கடுகுபோல் நாலைந்து கரும்புள்ளிகள், அவ்வளவே. அதே வருடம் அக்காவின் வயிற்றில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. திறந்து பார்த்தால் அதே நோய். இரண்டு சினைப்பையிலும் பழுப்பு ரத்தக் கட்டிகள், குடலோடு ஒட்டிக் கிடந்தன. பிள்ளை தங்காததும் அதனால்தானாம்.

"வலியை வச்சு இந்த நோயை அளக்க முடியாதும்மா" என்றார் ஆபரேஷன் செய்த டாக்டரம்மா.

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். "ஒரு நாளாவது வலிச்சிருந்தா அப்பவே காட்டியிருப்பேனே" என்றாள்.

பிறகு எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணுக்கு வயிறு வலித்தாலும், டாக்டரிடம் கூடப் போவது நாங்கள் இருவரும்தான். தம்பி மகளைக் கிள்ளான் ஆஸ்பத்திரியில் காட்டியபோது, ஒரு சின்ன வயது டாக்டர், "அந்த நோய் இருந்தாலும் சின்னதாத்தான் இருக்கும் ஆன்டி, பயப்படாதீங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "சின்னதா பெருசான்னு நாங்க கேக்கல. பிள்ளைக்கு வலிக்குது. அத மொதல்ல எழுதுங்க."

அவர் எழுதினார். இப்போதெல்லாம் எங்கள் தலை தெரிந்தாலே அங்கிருக்கும் நர்ஸ் உள்ளே போய், "டாக்டர், பேனாவ எடுங்க, அந்த ரெண்டு பேரும் வந்துட்டாங்க லா" என்கிறாளாம்.