கேன் புலவரின் கெமர் வகுப்பு

"…அதனால இலக்கணம், கிலக்கணம் ஒன்னியும் வேணாம் ஜெராக்ஸ்காரரே. மேல, கீழ, உள்ள, பின்னாடி. இந்த நாலு தெரிஞ்சா எந்த நாட்டுக்காரன்கிட்டயும் பொழைச்சுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே கேன் புலவர் தண்ணீர் கேனை என் கடை வாசலில் இறக்கினார்.

ஒன்பது பாஷை தெரியும் என்று சொல்லிக்கொண்டு, ஒன்பதிலும் ஒரு வாக்கியம்கூடப் பேசத் தெரியாத மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். ஒன்பதில் தமிழும் சேர்த்தியா என்று கேட்காதீர்கள். யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

செங்கம் ரோட்டில், மலையடிவாரத்து ஆசிரமத்தைச் சுற்றியுள்ள வாடகை அறைகளில் தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் கேன் போடுவது அவர் தொழில். கேன் போடுகிறவரிடம் யார் குடும்பக் கதை பேசப்போகிறார்கள்? எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்வார்கள். ஸ்டாண்டு மேலே, தொட்டிக்குக் கீழே, அறைக்கு உள்ளே, கதவுக்குப் பின்னாடி. இப்படி ரஷ்ய பாஷையில் நாலு, பிரெஞ்சில் நாலு, ஜெர்மனில் நாலு என்று பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு, புலவர் பட்டத்தைத் தானே சூட்டிக்கொண்டார். 'கேன்' என்பதை மட்டும் நாங்கள் முன்னால் ஒட்டினோம்.

பிரான்ஸ்காரப் பெண் ஒருத்தி தினமும் அவள் பாஷையில் நன்றி சொல்வாள். இவர் கம்பீரமாக, அதே பாஷையில், "அடியில்" என்று பதில் சொல்வார். அவள் அதை ஏதோ வேதாந்தம் என்று நினைத்துக் கண்ணை மூடிக் கும்பிடுவாள். மலையைத் தேடி வந்தவர்களிடம் யார் எதைச் சொன்னாலும் வேதாந்தம்தான். அந்தக் கும்பிடு இவர் தலைக்கு ஏறிவிட்டது.

"இவுரு வாயை வாடகைக்கு வுட்டிருந்தா இந்நேரம் ரெண்டு மாடி கட்டியிருக்கலாம்" என்பார் அவர் வீட்டம்மா. முப்பது வருஷம் குடித்தனம் செய்தவர் சொல்வதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அவர் மகன் பாபு கம்போடியாவில் ஒரு ஓட்டலில் சமையல் வேலைக்குப் போனவன். அங்கேயே ஒரு பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது. ஊருக்குத் திரும்பி, அவளோடு இங்கே ஒரு சாப்பாட்டுக் கடை போட வேண்டும் என்று ஆசை. பெண்ணுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். ஒரே மகளை இவ்வளவு தூரம் அனுப்புவதா என்று அந்த அம்மாவுக்குத் தயக்கம். வீட்டைப் பார்க்கிறேன், மனிதர்களைப் பார்க்கிறேன், அதற்குப் பிறகு சொல்கிறேன் என்று பாபுவோடு புறப்படத் தயாராகிவிட்டார்.

புலவர் உடனே செல்போனில் ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்து, ஆரம்பப் பாடத்திலிருந்து கெமர் படிக்கத் தொடங்கினார். கம்போடியாக்காரர்கள் பேசுவது கெமர். "பாபுதான் கூட வர்றானே, அவன் சொல்ல மாட்டானா?" என்று கேட்டேன்.

"சம்பந்தியம்மாகிட்ட புள்ளையை வச்சுப் பேசுனா இன்னா மரியாதை?" என்றார்.

படித்தது என்னவோ அதே பழைய சரக்குதான். மேலே என்றால் 'லெ'. கீழே என்றால் 'க்ராவ்ம்'. உள்ளே என்றால் 'க்னொங்'. பின்னால் என்றால் 'க்ராவ்ய்'. "ஒரு விஷயம் கவனிச்சீங்களா?" என்று கண்ணை உருட்டினார். "நாம மேசைன்னு சொல்லிட்டு அப்புறம்தான் மேலன்னு சொல்றோம். அவங்க மொதல்ல மேலன்னு சொல்லிட்டுத்தான் மேசைங்கறாங்க. தோள்ல கேனை வச்சிக்கினு நிக்கிறவனுக்கு அதான் நியாயம். எடத்தை மொதல்ல சொல்லு, மேசையா பீரோவான்னு அப்புறம் பாத்துக்கலாம்!"

பாடம் நடத்த அவருக்குக் கரும்பலகை வேண்டாம், ஓர் ஆள் போதும். அந்த ஆள் நான். 'லெ' என்றதும் கேன் வண்டி மேலே ஏறினேன். 'க்னொங்' என்றதும் கேன்களுக்கு நடுவே உட்கார்ந்தேன். 'க்ராவ்ம்' என்றதும் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன். 'வெளியே' என்பதற்கு அந்தப் பாஷையில் என்ன வார்த்தை என்று குருநாதர் இன்னும் படிக்கவில்லை. வீடியோவில் தேடி முடிக்கிற வரை நான் வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன்.

சம்பந்தியம்மா வந்த வேன் தெருவில் நின்றது. ஆரத்தித் தட்டோடு வீட்டம்மா காத்திருந்தார். கதவு திறந்ததுதான் தாமதம், புலவர் இரண்டு கையையும் உயர்த்தி, "லெ!" என்று முழங்கினார். இறங்கவிருந்த அம்மாள் பதறி மேலே பார்த்தார். "க்ராவ்ம்!" என்றார். அம்மாள் சட்டென்று காலைத் தூக்கிக்கொண்டு கீழே பார்த்தார். "க்னொங்!" என்றார். அவ்வளவுதான், அந்த அம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அப்பா, இன்னா பண்றீங்க? பாம்பு கீம்பு இருக்குதுன்னு பயந்துட்டாங்க!" என்று வேனின் மறுபக்கக் கதவு வழியாக ஓடிவந்தான் பாபு.

"வாங்கன்னு சொன்னேன்டா!"

"மேல, கீழ, உள்ளன்னு கத்துனா அதுக்குப் பேரு வாங்களா?"

"கத்துக்கினது அவ்ளோதானே" என்றார். முகத்தில் துளி வெட்கம் இல்லை.

சம்பந்தியம்மா மூன்று நாள் தங்கினார். இட்லி சாப்பிட்டார், கோயிலைப் பார்த்தார், வீட்டம்மாவோடு உட்கார்ந்து பூ கட்டினார். கல்யாணத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. பாபுவுக்குச் சோறு இறங்கவில்லை. புலவர் எதிரே வரும்போதெல்லாம் அந்த அம்மாளின் பார்வை தானாகவே தரைக்குப் போனது, எதற்கும் இருக்கட்டும் என்று.

கிளம்புகிற அன்று காலையில், வாசலில் வேன் வந்து நின்ற பிறகுதான் பேசினார். பாபு தமிழில் சொன்னான். "எம் பொண்ணு பாஷை தெரியாத ஊருக்கு வரப்போறா. ஒரு நாள் ஒடம்பு முடியலன்னா யாருகிட்ட சொல்லுவா? பக்கத்துல யாரு இருப்பாங்கன்னு கேக்கறாங்கப்பா."

புலவர் தொண்டையைக் கனைத்தார். போச்சு, இப்போது 'மேல' என்பார், கல்யாணம் வேனிலேயே ஏறிப்போய்விடும் என்று நான் நினைத்தேன்.

"டேய், 'கூட'ன்னு சொல்லணும்னா இன்னாடா?" என்று மகனைக் கேட்டார்.

"ஜியா முவோய்."

அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. கேனை இதுக்குக் 'கூட' வை என்று எவனும் அவரிடம் சொன்னதில்லை. "ஜியா… மூ… முக்…" என்று இரண்டு தடவை முயன்றார். நாக்கு புரளவில்லை. பிறகு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, அந்த வாயை மூடினார்.

புளிசாதப் பொட்டலத்தோடு நின்றிருந்த மனைவியிடம் போனார். பொட்டலத்தை வாங்கி என்னிடம் கொடுத்தார். தெருவே பார்க்க மனைவியின் கையைப் பிடித்தார்.

"அய்யோ, இன்னாங்க இது, எல்லாரும் பாக்கறாங்க" என்று வீட்டம்மா கூச்சத்தில் நெளிந்தார்.

புலவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மனைவியை அழைத்துப் போய், அவர் கையை அந்தக் கம்போடியா அம்மாளின் கைக்குள் வைத்தார். அந்த விரல்கள் மெல்ல மூடிக்கொண்டன. இரண்டு பெண்களுக்கும் கண் கலங்கிவிட்டது. இவர் இரண்டடி தள்ளி நின்று, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வைத்த இடம் சரிதானா என்று அந்த அம்மாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.