சம்பந்தி படகின் பூர்வீகம்

சேசு மரி சூசை துணை

மாட்டுங்கா, பம்பாய்
12-11-1964

தூத்துக்குடி மச்சான் சேசுராஜ் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை இருதயமேரியைக் கட்டிய ஞானசீலன் மண்டியிடாத குறையாக எழுதிக்கொள்வது. இவ்விடம் நாங்கள் ரேஷன் அரிசியைத் தின்றும் உயிரோடு இருக்கிறோம். அவ்விடம் தங்கள் சுகத்தையும், தங்கள் மூலவியாதி தொலைந்த செய்தியையும் அறிய ஆவல்.

நிற்க. என்னால் நிற்க முடியவில்லை, இடுப்புப் பிடித்துக்கொண்டது. காரணம் ஒரு படகு. நம் பிலோமினாவைத் தன் மகனுக்குக் கேட்ட செம்பூர் மச்சாது கப்பல்களுக்குக் கயிறும் பெயிண்டும் விற்றுக் கொழுத்தவர் என்பது தங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தவர் உட்காருமுன் என் நாற்காலியை ஆட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணோட தாத்தா தோணி கட்டுற ஆளாமே? பரவால்ல, நாலு பேருகிட்ட சொல்லாண்டாம்" என்றார். நான் சிரித்தேன். பெண்ணைப் பெற்றவனுக்கு வரும் வியாதி அது. அந்த மனிதர் ஒரு பழைய படகு வாங்கியிருக்கிறார். வெளியே மீன்பிடி டிராலரின் தொந்தி, உள்ளே மெத்தை, நிலைக்கண்ணாடி, சோடா பாட்டிலுக்கு அலமாரி. உல்லாசப் படகாம். அதைக் காட்டி, வெள்ளைக்காரன் விட்டுப்போன ஒரு படகு கிளப்பில் சேரப் போனால், கட்டியது யார், எந்த ஊர் என்று கேட்டுவிட்டார்கள். விற்றவனோ செத்துப்போனான். மச்சாது என்னிடம் வந்தார். "ஸ்காட்லாந்து வேலை சம்பந்தி, பாத்தாலே தெரியும்லா. ஆனா பேரு வேணுமாம். நீங்க படிச்சவுக, கண்டுபிடிச்சிக் குடுங்க. கிளப்புல சேந்த மறுவாரம் படகுலயே நிச்சயதார்த்தம்." கண்டுபிடிக்க முடியாவிட்டால் என்று கேட்டேன். "அப்பப் பாப்போம்" என்றார், என் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே.

என் பெண்ணின் பூர்வீகத்தை ஒரு காப்பி ஆறுவதற்குள் விசாரித்து முடித்தவர்கள், படகின் பூர்வீகத்துக்காக என்னை மழைக்காலம் முழுக்க அலையவிட்டார்கள். சசூன் டாக்கில் ஒரு மீன்காரக் கிழவர், என் செலவில் டீ குடிக்கும்வரை கோவா என்றார், பன்னும் வாங்கிக் கொடுத்ததும் போர்ச்சுகல் என்றார். எஞ்சின் மிஸ்திரி டென்மார்க் என்றான். "எஞ்சின் சரி, உடம்பு?" என்றால், "உடம்பு கிஸ்கோ மாலூம், சேட்!", யாருக்குத் தெரியும் என்கிறான். பாந்த்ராவிலிருந்து ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவர் தொப்பியோடு வந்து, மதுவிலக்கிலும் மச்சாதுவுக்குப் பெர்மிட்டில் கிடைக்கும் விஸ்கியைக் குடித்துவிட்டு, பலகையை முகர்ந்து, "ஸ்காட்லாந்து ஓக்" என்று தீர்ப்புச் சொன்னார். அது தேக்கு என்று எனக்கே தெரியும். கடைசியில் மூன்று வாரத்துக்கு முன் ஞாயிறு பூசை முடிந்து, ஏதாவது முத்திரை கிடைக்காதா என்று எஞ்சினுக்கு அடியில் நானே ஊர்ந்து போனேன். பலகையெல்லாம் கண்ணாடிபோல இழைத்திருக்கிறது, இடப்பக்கம் ஒரே ஒரு பலகை மட்டும் இழைப்புளியே படாமல் சொரசொரவென்று கிடக்கிறது. மச்சான், கண்ணேறுக்குப் பயந்து ஒரு பலகையை இழைக்காமல் விடும் ஸ்காட்லாந்துக்காரன் எங்கே இருக்கிறான்? "குறையே இல்லாம இருந்தா கண்ணு பட்டுரும் மாப்ள" என்று மாமா, தங்கள் தகப்பனார், எனக்கே காட்டியிருக்கிறாரே! பங்குச் சாமியார் பிரசங்கத்தில் வைத்துத் திட்டியும் விடாத பழக்கமாயிற்றே! வீட்டுக்கு வந்து இருதயமேரியிடம் சொன்னால், "எஞ்சினுக்கு எடது பக்கமா? எங்க அப்பாவேதான். நான் சின்னப்பிள்ளையா இருக்கையில ஒரு துரைக்குக் கட்டுனாவ, பம்பாய்க்குப் போயிட்டுன்னு சொன்னாவ" என்று மூக்கைச் சிந்துகிறாள்.

ஆக, மச்சாதுவின் ஸ்காட்லாந்து உங்கள் வீட்டுக் கொல்லைப்புறம். உண்மையைச் சொன்னால் கிளப்பு போகும், பின்னாலேயே சம்பந்தமும் போகும். ஆகையால் மக் என்று தொடங்கும் ஒரு கம்பெனியை நானே பெற்று, அட்லஸைப் பார்த்து அபர்டீன் என்று ஊரும் வைத்துவிட்டேன். கிளப்பு நம்பிவிட்டது. மச்சாது பித்தளைத் தகட்டில் பேர் வெட்டி மாட்டியும் விட்டார். தாங்கள் நிச்சயதார்த்தத்துக்கு வரும்போது தயவுசெய்து பலகையைத் தடவிப் பார்க்க வேண்டாம், "இது எங்க அய்யா வேலைலா" என்று கண் கலங்கவும் வேண்டாம். வாய் நிறைய லட்டை அடைத்துக்கொண்டு நில்லுங்கள். செத்த மாமனாரை மறைப்பது பாவம்தான். பாவசங்கீர்த்தனம் செய்துகொள்கிறேன், கல்யாணம் முடியட்டும்.

தங்களுக்கும் மதினிக்கும் பிள்ளைகளுக்கும் பனிமய மாதாவின் ஆசீர் நிறைவாகவும், என் தொந்தரவு குறைவாகவும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
இடுப்பொடிந்த மாப்பிள்ளை
ஞானசீலன்

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடுங்கள். தபாலில் போடக் கொடுத்த இடத்தில் பிலோமினா பிரித்துப் படித்துவிட்டாள். நேரே செம்பூர் போய், "எங்க தாத்தா கட்டுன படகு, மாமா. சொல்ல வெக்கமா இருந்தா படகையும் விட்டுருங்க, என்னையும் விட்டுருங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சாயங்காலம் மச்சாது வந்தார். நான் கட்டிலுக்கடியில் இடம் பார்த்தேன். மனிதர் என்னைக் கட்டிப் பிடித்து, "முன்னமே சொல்லப்பிடாதா சம்பந்தி! அந்தக் கிளப்புல எவனுக்காவது சம்பந்தி வீட்டுல கட்டுன படகு உண்டுமா?" என்கிறார். ஆனால் தகடு வெட்டியது வெட்டியதுதானாம். அதனால் என் மாமனார் வாலிபத்தில் அபர்டீன் போய் அந்தக் கம்பெனியில் தலைமைத் தச்சராக இருந்தார் என்று கிளப்பில் சொல்லியும் விட்டார். கிளப்பில் பேர் பதிவது டிசம்பர் கடைசியிலாம், ஜனவரியில் நிச்சயதார்த்தம். லட்டு வேண்டாம், வாயைத் திறந்தே வாருங்கள். அந்த ஊர்க் குளிரில் தங்கள் தகப்பனார் பட்ட பாட்டை அரை மணி நேரமாவது சொல்ல வேண்டியிருக்கும். பிலோமினாவுக்கு இது இன்னும் தெரியாது. இதை நானே கொண்டுபோய்த் தபாலில் போடுகிறேன்.