சலாமுக்குப் பதில் சொல்லாத நாடு

மர்ஜானியா என்று ஒரு நாடு இருந்தது. மூன்று பக்கம் கடல், நான்காம் பக்கம் பாலைவனம், நடுவில் ஓர் அரண்மனை. இதுதான் அதன் பூகோளம். அரண்மனைக்கு வெளியே மக்களும் இருந்தார்கள். ஆனால் வரைபடத்தில் அவர்களைக் குறிக்கும் வழக்கம் இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே தேர்தலும் நடக்கும். சுல்தான் வேண்டும் என்பவர்கள் வந்து வாக்களிக்கலாம். வேண்டாம் என்பவர்கள் வீட்டிலேயே இருக்கலாம், அவர்களின் விலாசம் மட்டும் குறித்துக்கொள்ளப்படும்.

அந்த நாட்டு அதிகாரிகளுக்கு ஒரு பெருமை உண்டு. வெளிநாட்டார் யாராவது மனித உரிமை என்று வாயெடுத்தால் போதும், எட்டாம் வகுப்பு மார்க்கப் பாடநூலை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். அதில் ஏழாவது பாடம், 'இஸ்லாம் தந்த மனித உரிமைகள்'. "நீங்கள் நேற்றுக் கண்டுபிடித்ததை நாங்கள் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகக் கையில் வைத்திருக்கிறோம்" என்பார்கள். கையில்தான் வைத்திருந்தார்கள், கீழே இறக்கி யாருக்கும் கொடுத்ததில்லை.

பாடம் உண்மையிலேயே நல்ல பாடம். எட்டாம் வகுப்பில் படித்த ஆபிதா அதை வரி பிசகாமல் சொல்வாள். அரபி அரபியல்லாதவரைவிட உயர்ந்தவர் அல்லர், இறையச்சம் ஒன்றே உயர்வு. பக்கத்து வீட்டார் பசித்திருக்கத் தான் மட்டும் வயிறு நிறைய உண்பவர் இறைநம்பிக்கையாளர் அல்லர். தண்ணீரும் புல்லும் நெருப்பும் எல்லோருக்கும் பொது. இரு தரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று சலாம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும், மூன்று முறை கேட்டும் பதில் வராவிட்டால் திரும்பிப் போய்விட வேண்டும். இந்தக் கடைசி உரிமையை ஆபிதா பாடத்தில் படிக்கவே தேவையில்லை. நடக்கப் பழகிய நாளிலிருந்து அவள் எந்த வாசலையும் பதில் கேட்காமல் தாண்டியதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோருமே அப்படித்தான்.

ஒருநாள் சுல்தான் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டார். அதுவரை படித்ததில்லை, அதனால் நாடும் ஓரளவு நிம்மதியாக இருந்தது.

"இவ்வளவு நல்ல விஷயங்களை ஏன் நாம் அமல்படுத்தவில்லை?" என்று அவர் உரிமைகள் அமைச்சரைக் கேட்டார்.

"உத்தரவுக்காகக் காத்திருந்தோம், மேன்மைதங்கியவரே" என்றார் அமைச்சர். அவர் மெத்தப் படித்தவர். எந்த வாசகத்தைக் கொடுத்தாலும் அது அரண்மனைப் பக்கம் சாயும்வரை விளக்கம் சொல்லக் கூடியவர்.

முதலில் பக்கத்து வீட்டார் உரிமை அமலுக்கு வந்தது. நாட்டின் நடுவில் அரண்மனை இருப்பதால், அது எல்லோருக்கும் பக்கத்து வீடு என்று அமைச்சர் அறிவித்தார். பக்கத்து வீட்டார் பசித்திருக்க யாரும் உண்ணக் கூடாது அல்லவா? ஆகவே சுல்தான் உண்டு முடித்ததற்கு அடையாளமாக அரண்மனை மணி அடிக்கும்வரை நாட்டில் ஒருவரும் மதியச் சோற்றில் கை வைக்கக் கூடாது. சுல்தான் எழுவதே பன்னிரண்டு மணிக்கு. மணி அடிக்க நாலாகும். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதன. அதிகாரிகள் வந்து பார்த்து, பிள்ளைகள் உரிமைகளை உணர்ந்து உருகுவதாகக் குறிப்பு எழுதிக்கொண்டு போனார்கள்.

அடுத்தது தண்ணீர். "தண்ணீர் எல்லோருக்கும் பொது. எல்லோரும் என்பது யார்? மக்கள். மக்கள் என்பது யார்? அரசு" என்று அமைச்சர் மூன்றே வரியில் விளக்கம் தந்தார். ஊர்க் கிணறுகளுக்கெல்லாம் மூடி போட்டுப் பூட்டினார்கள். பொதுச் சொத்தைத் தனி ஆட்கள் குடித்துத் தீர்த்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

ஆபிதாவின் வாப்பா சதக்குத்தம்பிக்குக் கிணறு தூர்வாருவது தொழில். அந்த ஊரின் ஒவ்வொரு கிணற்றின் அடிவயிற்றையும் அவர் தொட்டுப் பார்த்திருக்கிறார். பூட்டு விழுந்த நான்காம் நாள், பக்கத்துத் தெருவில் பிள்ளை பெற்ற வீட்டில் ஒரு குடம் தண்ணீர் இல்லை என்று கேள்விப்பட்டார். நேரே கிணற்றடிக்குப் போனார். கடப்பாரையால் ஒரே போடு, பூட்டு தெறித்தது. "வாங்க, வந்து மொண்டுக்கங்க. இது அல்லாஹ் குடுத்த தண்ணி, இவனுவ குடுத்ததில்ல" என்றார். ஊரே குடத்தோடு ஓடி வந்தது. அன்று மாலை அசர் தொழுகைக்கு முன்னால் வீடு புகுந்து அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இரு தரப்பையும் கேட்டுத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். வலக்கையைப் பிடித்து இழுத்துவந்த சிப்பாய் ஒரு தரப்பு, இடக்கையைப் பிடித்து இழுத்துவந்த சிப்பாய் மறு தரப்பு. இருவரும் ஒரே மாதிரி சாட்சி சொன்னது நீதியின் வெற்றி என்று நீதிபதியான காஜி வியந்தார். சதக்குத்தம்பி வாயைத் திறந்தபோது, மூன்றாம் தரப்புக்குப் பாடத்தில் இடமில்லை என்று உட்காரவைத்துவிட்டார்கள்.

கைது செய்ய வந்த சிப்பாய்களிடம் ஆபிதா வாசலில் நின்று, "சலாம் சொல்லாம, கேக்காம எப்படி உள்ள வந்தீங்க? எங்க பாடத்துல அப்படி இல்லையே" என்று கேட்டிருந்தாள். அந்தக் கேள்வி மேலிடம்வரை போனது. பாடத்துக்கு மாறாக நடப்பது அரசுக்கு அழகல்ல என்று அமைச்சர் ஒப்புக்கொண்டார். வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் கதவு இருந்தால்தானே அது வாசல்? மறுவாரமே வீடுவீடாக வந்து கதவுகளைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். நாட்டில் மிச்சமிருந்தது ஒரே ஒரு கட்டடத்தின் கதவு, சிறைச்சாலையின் கதவு. ஆபிதாவின் உம்மா தன் சேலை ஒன்றை இரண்டாக மடித்து வாசலில் கட்டினாள். காற்றடிக்கும்போதெல்லாம் தெருவில் போகிறவர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நடந்தார்கள். அரசுக்கு இல்லாத வெட்கம் அவர்களுக்கு இருந்தது.

இப்படி உரிமைகள் வெள்ளமாகப் பெருகிக்கொண்டிருந்த சமயத்தில், அவற்றைப் பார்வையிட்டுச் சான்றிதழ் தர வெளிநாட்டுக் குழு ஒன்று வரப்போவதாகத் தகவல் வந்தது. குழுவின் முன்னால் ஒரு மாணவி உரிமைகளை ஓத வேண்டும் என்று முடிவாயிற்று. நாட்டிலேயே நல்ல குரல் யாருக்கு என்று தேடினார்கள். குர்ஆனை இனிமையாக ஓதும் கிராஅத் போட்டியில் மூன்று வருடம் முதல் பரிசு வாங்கியவள் ஆபிதாதான்.

அமைச்சர் அவள் பள்ளிக்கே வந்தார். திருத்திய பாடத்தை அவள் கையில் கொடுத்தார். தண்ணீர் அரசுக்குரியது, பசி அரண்மனைக்குரியது, கதவு தேவையற்றது என்றெல்லாம் அதில் அழகாக அச்சாகியிருந்தது.

"பிழையின்றி ஓதுவாயாக. ஓதி முடித்ததும் மேன்மைதங்கிய சுல்தான் கையசைப்பார்கள். அக்கணமே உன் தகப்பனார் விடுவிக்கப்படுவார். கருணையைக் குழு கண்ணால் காண வேண்டும் என்பதற்காக அவரையும் சபையில் அமர்த்துவோம்" என்றார்.

"ஓதலேன்னா?"

"அவர் சபையிலிருந்து நேராக வந்த இடத்துக்கே செல்வார்."

வீட்டுக்கு வந்து ஆபிதா காகிதத்தைத் தரையில் போட்டாள். உம்மா அதை எடுத்துத் தூசி தட்டி மறுபடி அவள் கையில் வைத்தாள்.

"படி மகளே."

"இது பொய் உம்மா. நபி சொன்னதுன்னு சொல்லி, நபி சொல்லாதத எப்படி ஓதுவேன்?"

"உன் வாப்பா அங்க நாலு மாசமா கெடக்குறாரு. அல்லாஹ் மனச பாக்குறவன். நீ ஓதிட்டு வா, பாவம் எல்லாம் என் தலையில."

உம்மாவின் முகத்தைப் பார்த்து ஆபிதா காகிதத்தைப் பிரித்தாள். மூன்று நாளில் அந்தப் பொய்யையும் வரி பிசகாமல் மனப்பாடம் செய்தாள். ஓதிவிடுவது என்றுதான் அவள் முடிவு செய்திருந்தாள்.

அந்த நாளும் வந்தது. அரண்மனைச் சபையில் முன்னால் சுல்தான் பொன்னாடை போர்த்தி ஆடாமல் அசையாமல் வீற்றிருந்தார். பக்கத்தில் அமைச்சர். எதிரே குழுவினர் எட்டுப் பேர். கடைசி வரிசையில், வாசலை ஒட்டி, புதுச்சட்டை போட்ட சதக்குத்தம்பி. அவர் கைவிலங்கு தெரியாமல் மடியில் ஒரு சால்வையைப் போட்டிருந்தார்கள். ஆபிதா வாசலில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசையாக முந்நூறு பிள்ளைகள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். உள்ள வரலாமா?" என்றாள்.

பதில் இல்லை. அதிகாரிகள் அவளுக்கு நிற்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், குனியச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், எங்கே மூச்சு விட வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வாசலில் பதில் வராமல் அந்த ஊர்ப் பிள்ளை காலெடுத்து வைக்காது என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்களெல்லாம் எந்த வீட்டிலும் கேட்டு நுழைந்து பழகியவர்கள் அல்லர்.

சுல்தான் பதில் சொல்லவும் முடியாது. மர்ஜானியாவின் பழைய வழக்கப்படி, சுல்தான் யாருக்குப் பதில் சலாம் சொல்கிறாரோ அவரும் அவர் குடும்பமும் அந்தக் கணமே சுல்தானின் பாதுகாப்புக்குள் வந்துவிடுவார்கள். பிறகு அவர்களில் ஒருவரையும் சிறையில் வைக்கக் கூடாது. நிர்வாகத்துக்கு இடைஞ்சல் என்பதால், சுல்தான் எவர் சலாமுக்கும் பதில் சொல்லக் கூடாது என்று பத்து வருடம் முன்பே சட்டம் போட்டிருந்தார்கள். கையசைத்து விடுவித்தால் மறுநாளே மறுபடி பிடித்துக்கொள்ளலாம். சலாம் சொல்லிவிட்டால் முடியாது.

ஆபிதா இரண்டாம் முறை சொன்னாள். சுல்தானின் மீசைகூட அசையவில்லை. "உள்ளே வா, வந்து ஓது" என்று அமைச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"அவங்க இன்னும் பதில் சொல்லலையே" என்றாள் ஆபிதா.

மூன்றாம் சலாம் சொல்லும்போது அவள் வாப்பாவைப் பார்த்தாள். சால்வைக்கு வெளியே அவர் மணிக்கட்டு தெரிந்தது, தோலுரிந்து கன்றிப்போயிருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. சாந்தி உண்டாகட்டும் என்று ஒரு பிள்ளை மூன்று தரம் சொல்லியும் உனக்கும் உண்டாகட்டும் என்று திருப்பிச் சொல்ல மனமில்லாத இவருக்கு முன்னாலா நபியின் பெயரால் பொய் ஓதுவது? அவள் காகிதத்தை நான்காக மடித்து வாசற்படியில் வைத்தாள். பிறகு கடைசி வரிசைப் பக்கம் திரும்பினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா."

"வ அலைக்குமுஸ்ஸலாம் மகளே" என்றார் சதக்குத்தம்பி. நாலு மாதமாகப் பேசாத குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

ஆபிதா திரும்பி நடந்தாள். பின்னால் நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து அவருக்கு சலாம் சொல்லிவிட்டுத் திரும்பின. அவரும் ஒன்று விடாமல் முந்நூறு பேருக்கும் பதில் சொன்னார்.

குழுத் தலைவர் எழுந்து நின்றார். அவர் கையில் பழைய பாடநூலின் மொழிபெயர்ப்பு இருந்தது. திருத்திய பதிப்பை மொழிபெயர்க்க வேண்டியவர் சிறையில் இருந்ததால் பழையதைத்தான் அனுப்பிவைத்திருந்தார்கள். ஆட்சியாளர் எளியவராக மக்களோடு மக்களாக அமர்ந்திருப்பார், சிறுபிள்ளையின் சலாமுக்கும் பதில் சொல்வார் என்று அதில் எழுதியிருந்தது. தலைவர் கண் கலங்க நேராகக் கடைசி வரிசைக்குப் போனார், சதக்குத்தம்பியைத் தழுவிக்கொண்டார், புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

"உங்கள் சுல்தான் எங்களை நெகிழவைத்துவிட்டார்" என்றார் அமைச்சரிடம். "முன்னால் வைத்திருக்கிறீர்களே, அந்தச் சிலையும் நல்ல வேலைப்பாடு."

சான்றிதழ் கிடைத்தது. அதில் சதக்குத்தம்பியின் படமும், மர்ஜானியாவின் சுல்தான் என்ற வாசகமும் இருந்தன. அரசு இரண்டு நாள் கூடி ஆலோசித்தது. சான்றிதழை மறுத்தால் மானம் போகும். படத்தில் இருப்பவரை வெளியே விட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார். தண்டித்தால் அடுத்த வருடம் குழு வந்து சுல்தான் எங்கே என்று கேட்கும். ஆகவே அவர் ஆயுள் முழுக்கப் பத்திரமாகச் சிறையில் இருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் சுல்தானாகக் கடைசி வரிசையில் அமர வேண்டும் என்று ஆணை பிறந்தது. நாட்டின் மனித உரிமை நிலைமை சிறப்பாக இருப்பதற்கு அவர் இன்றியமையாதவர் என்று அந்த ஆணையே பாராட்டியது.

ஆணையைப் படித்த காலையில் உம்மா வாசலில் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து உடுத்திக்கொண்டாள். "வா மகளே" என்றாள். இருவரும் சிறைச்சாலைக்கு நடந்தார்கள். வழியில் பிள்ளைகள் சேர்ந்துகொண்டன, அவற்றைத் தேடி வந்த தாய்மார்களும் சேர்ந்துகொண்டார்கள். நாட்டில் மிச்சமிருந்த அந்த ஒரே கதவின் முன்னால் எல்லோரும் நின்றார்கள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். உள்ள வரலாமா?" என்று ஆபிதா உரக்கக் கேட்டாள்.

முதல் சலாமுக்கே பதில் வந்தது. பதில் சொன்னது சதக்குத்தம்பி மட்டுமல்ல. உள்ளே இருந்த அத்தனை பேரும் சொன்னார்கள். எத்தனை பேர் என்பது அதுவரை வெளியே யாருக்கும் தெரியாது. "வ அலைக்குமுஸ்ஸலாம், வாங்க, வாங்க" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்த குரல் அடங்கவே வெகுநேரமாயிற்று.

காவலாளி ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். அவனும் அந்த ஊர்க்காரன்தான், அவன் வீட்டிலும் கதவு இல்லை.

"எங்க போறிய எல்லாரும்? உள்ள போகக் கூடாது" என்றான்.

"உள்ள இருக்குறவங்க வரச் சொல்லிட்டாங்க காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் ஆபிதா. "நீங்க வழிய விடுங்க."