சிக்னலானந்தரின் போன் பெயர்ச்சி

தில்லி கிட்வாய் நகரில் அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் மூன்று நாளாக ஓடவில்லை. ஆனாலும் நாலாம் மாடிக்குக் கூட்டம் மூச்சிரைக்க ஏறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொருவர் கையிலும் இரண்டு போன், ஒன்று பழசு, ஒன்று புதுசு. பழசில் இருக்கிற ஆத்மாவை எடுத்துப் புதுசில் ஏற்றித் தருகிற சிக்னலானந்த சுவாமிகள் அங்கே எழுந்தருளியிருந்தார். குருவுக்குப் பெயர்ச்சி உண்டு, சனிக்குப் பெயர்ச்சி உண்டு, போனுக்கு மட்டும் இல்லையா என்று கேட்டார் அவர். எம்.எஸ்ஸி. படித்தவர்களும் கெஜட்டில் பெயர் வந்தவர்களும் அதுவும் சரிதானே என்று தலையாட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, ஆசாமிக்கு ஊரின் நாடி தெரிந்திருந்தது. மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தனுக்குப் பேயிடம் பயமில்லை, டிரான்ஸ்ஃபரிடம்தான் பயம். பரிகாரம் செய்யாமல் போன் மாற்றினால் தொண்ணூறு நாளில் ஆர்டர் வரும், வடகிழக்குத் திசை என்று சுவாமிகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டார். கோல் மார்க்கெட் கஸ்தூரிரங்கன், புள்ளிவிவரத் துறையில் இருபத்தாறு வருஷ சர்வீஸ், மாடிப்படியிலேயே நின்று சாட்சி சொன்னார்.

"எனக்கு ஷில்லாங் போட்டிருந்தான். சுவாமிகள்ட்ட வந்தேன். மறுவாரமே ரத்து."

அந்த வருஷம் அவர் துறையில் அத்தனை பேருடைய ஆர்டரும் ரத்தானது. அதைப் புள்ளிவிவரப் புலி கணக்கில் சேர்க்கவில்லை.

இந்தக் கூத்தெல்லாம் வீடு பெருக்குகிற பவுனுக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அவளுக்கும் ஒரு போன் வேண்டியிருந்தது. விழுப்புரம் பக்கத்துக்காரி, அதே கட்டடத்தில் மூன்று வீட்டு வேலை. இப்போதெல்லாம் காலனி கேட்டில் போனை நீட்டி க்யூஆர் கோடு காட்டினால்தான் உள்ளே விடுகிறார்கள். அவளுடைய போனிலோ திரையின் வலது பாதி கறுத்துப் போயிருந்தது. பாதிக் கோடுக்கு எந்தக் கேட்டும் திறக்காது. "பையா, தெனம் பாக்கற மூஞ்சிதான" என்று ஹிந்தியில் அண்ணா போட்டுக் கெஞ்சினாலும் காவலாளி அரை மணி நேரம் நிறுத்தி வைப்பான். தாமதமாக வருகிறாள் என்று இந்திராணி அம்மா வீட்டில் நிறுத்தியாயிற்று. மீதி இரண்டு வீட்டிலும் முணுமுணுப்பு ஆரம்பமாகியிருந்தது.

இரண்டாம் மாடி வைத்தி சார் புதுப் போன் வாங்குகிறார் என்றதும் பவுனுக்கு உயிர் வந்தது. சார் புதுசு வாங்கினால் பழசு வேலைக்காரிக்கு, இது தில்லி சர்க்கார் குவார்ட்டர்ஸில் எழுதாத சட்டம். சாரும் தருவதாகச் சொல்லியிருந்தார். இப்போது சமையலறை வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"பவுனு, அந்த போன் இல்லேம்மா. ஆத்மா போனப்புறம் அது வெறும் கூடாம். யாருக்காவது குடுத்தா தோஷம் ரெண்டு பேரையும் பிடிக்குமாம். சுவாமிகளே யமுனையில கரைச்சுடறார்."

"என்னிய எந்த ஊருக்கு சார் மாத்துவாங்க? தொடப்பத்துக்கு ஆர்டரா வரப்போவுது?"

வைத்தி கூடத்துக்குப் போய்விட்டார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை காலை வைத்தியின் போன் பெயர்ச்சி அமோகமாக நடந்தது. விதிமுறைகளைக் கேளுங்கள். பழைய போனை அணைக்கக் கூடாது, சார்ஜ் நிறைந்திருக்க வேண்டும். பூட்டை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆத்மா எந்த வழியாக வெளியேறும்? டப்பா, சார்ஜர், பில் மூன்றும் கூடவே வர வேண்டும். பில்தான் போனுக்கு ஜாதகமாம். பட்டுத்துணி போர்த்திய மணைமேல் சுவாமிகள் புதுப் போனை வைத்தார். வைத்தவுடன் அது தானாக வெளிச்சம் போட்டு "டிங்" என்றது. வைத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டார். விலை குறைந்த புதுப் போன்களுக்கு மட்டும் ஆத்மா வருவதில்லை. அது வாங்கியவரின் பூர்வஜென்ம பாவம் என்று சுவாமிகள் விளக்கம் சொன்னார்.

அன்று பதினொரு மணிக்கு வைத்தி வீட்டில் ஏதோ குறைந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பவுனுதான் கண்டுபிடித்தாள். வைத்தியின் மனைவி மாதங்கி அம்மா தன் சொந்தக் குரலையே பதிந்து வீட்டுக்காரர் போனில் மாத்திரைக்கு அலாரம் வைத்திருந்தாள். தினமும் பதினொன்றுக்கு அது வீடே அதிரக் கூப்பிடும். போட்டோ, நம்பர், குட்மார்னிங் படங்கள் எல்லாம் புதுப் போனுக்கு வந்துவிட்டன. அலாரம் வரவில்லை.

"அம்மா, சார் மாத்திர போடலியே."

"போன்தான் யமுனைக்குப் போயிடுத்தே. சாயங்காலம் கரைச்சுடறேன்னு சுவாமிகள் மெசேஜ் பண்ணிட்டார்" என்றாள் மாதங்கி.

பவுனு கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "நாளைக்கு உங்க போனுக்குத்தான பூச? பைய தூக்கிக்கினு நானும் வரேம்மா. பதினொன்னுக்கு அங்க இருக்கறாப்ல போவலாம்."

ஞாயிற்றுக்கிழமை சுவாமிகளின் கூடம் நிரம்பி வழிந்தது; வைத்தியும் மாதங்கியும் முதல் வரிசையில் இருந்தார்கள். கடிகாரத்தில் பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம். பவுனு மெதுவாக முன்னால் வந்தாள்.

"சாமி, எங்க சாரு போன நெசமாவே கரைச்சிட்டீங்களா?"

"நேற்று அந்தி சாய்கையில் யமுனா மாதா ஏற்றுக்கொண்டாள் மகளே."

"எல்லாரு போனயுமா?"

"ஒன்று விடாமல்."

"நீங்களே உங்க கண்ணால பாத்தீங்களா சாமி?"

"என் கையாலேயே விட்டேன்."

பவுனு தலையாட்டிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சுவாமிகள் மந்திரத்தைத் தொடங்கினார். கடிகார முள் பதினொன்றைத் தொட்டது. சுவாமிகளுக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவுக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"ஏன்னா, மாத்திரை போட்டேளா? போட்டேளான்னு கேக்கறேன்."

கூட்டம் மாதங்கியைத் திரும்பிப் பார்த்தது. அவள் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். வைத்தி மட்டும் எதையும் யோசிக்கவில்லை. பழக்கதோஷத்தில் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டார்.

"அது... பிரிந்த ஆத்மா விடைபெறுகிறது" என்றார் சுவாமிகள். நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து வழிந்தது.

"ஆத்மாவத்தான் புதுப்போன்ல ஏத்திட்டீங்களே சாமி. பேசறதுன்னா அங்க இல்ல பேசணும்?" என்றாள் பவுனு.

மாதங்கி எழுந்து நின்றாள். "நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என் குரல் எப்படி ஓய் உம்ம பீரோவுக்குள்ள போச்சு?"

கூட்டம் பீரோவைத் திறந்தது. நாற்பதுக்கு மேல் போன்கள், சொட்டு ஈரமில்லாமல். ஒவ்வொன்றிலும் ரப்பர் பேண்டு போட்டு ஒரு சீட்டு, ஹிந்தியில்: டப்பா உண்டு, பில் உண்டு, கீறல் இல்லை. மூலையில் ஒரு கட்டு விசிட்டிங் கார்டு. 'ரமேஷ்குமார், பழைய போன் விற்பனை.' போன்களில் இருப்பதை அழிக்கிற வேலையை மனிதர் திங்கட்கிழமைக்கு ஒத்திப்போட்டிருந்தார், பாவம். சனிக்கிழமை பதினொன்றுக்கு பீரோ கூவியபோது அவர் சாப்பிடப் போயிருந்தார்.

பவுனு பட்டுத்துணியைத் தூக்கினாள். மணையில் ஒரு வட்டத் தட்டு பதிந்திருந்தது, அதிலிருந்து ஒரு வயர் சுவருக்கு ஓடியது. வைத்தி அதைப் பார்த்துவிட்டு, "வயர் குத்தாமலே சார்ஜ் ஏத்தற தட்டுன்னா இது" என்று முனகினார். பவுனு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மாதங்கியின் புதுப் போனை நீட்டினாள். "இப்ப வையுங்க சாமி. வருதா பாப்பம்."

ஆத்மா வரவில்லை. கரண்டு இல்லாத ஆத்மா எப்படி வரும்?

கூட்டம் ரமேஷ்குமாரைச் சூழ்ந்துகொண்டு போலீசுக்குப் போன் போட்டது. எல்லோரும் புதுப் போனில்தான் போட்டார்கள். வைத்தி பீரோவிலிருந்து தன் பழைய போனை எடுத்துத் துடைத்து, பவுனு முகத்தைப் பார்க்காமல் அவள் கையில் வைத்தார். அவள் அங்கேயே தன் சிம்மைப் போட்டுக் கேட் பாஸைத் திறந்தாள். கட்டம் நாலு மூலையும் முழுசாகத் தெரிந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

படியிறங்கும்போது கஸ்தூரிரங்கன் இன்னும் விடவில்லை. "அதெல்லாம் சரி. ஆனா என் ஷில்லாங் ரத்தாச்சே, அது எப்படி?"

பவுனு நின்று திரும்பினாள்.

"போட்டோ, பாட்டு, நம்பரு எல்லாத்தயும் புதுப் போனுக்கு மாத்திக்குங்க சார், வாணாங்கல. மூளைய மட்டும் கழட்டிக் குடுத்துட்டு வந்துடாதீங்க. அதுக்கு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் கெடையாது."